என் வேனில் ஏறிய மழையும் மலையும் ஆறும்

கிட்ட வந்து உட்காருங்க, இடம் இருக்கு. பின்சீட்டுச் சண்டையைக் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டுறதுதான் வாடகை வேன்காரன் பிழைப்பு. ஓட்டினவங்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

யார் மேல குத்தம்?

சில வருஷம் மலேசியாவில் ஈப்போ டவுனில் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு ஓட்டினேன். நல்ல காலம் அது. ஐடா என்கிற மலாய்க்காரப் பெண் கம்ப்யூட்டருக்குள்ளே மழை பெய்ய வைப்பார். சீனர் லிம், மலை மண் எவ்வளவு தண்ணி குடிக்கும்னு பார்ப்பார். சிம்பாங் பூலாய் ஊர்க்காரி மீனா ஆற்றை ஓட விடுவாள். மூன்றையும் கோர்க்கிற புரோகிராமும் அவள் வேலைதான்.

"ஒரே எண் வேணாம், எவ்வளவு சந்தேகம்னும் சேர்த்துக் கொடுங்க" என்பாள். அதனால் ஐடா கணக்கு ஒரு மழை தராது, விதவிதமாய்ப் பல மழை தரும். ஒவ்வொன்றையும் லிம் மலையில் ஊற்றி, வழிந்ததைத் தன் ஆற்றில் விட்டு, எத்தனை தடவை ஆறு கரை ஏறுதுன்னு பார்ப்பாள். நிஜ ஆற்றில் அளந்தது வந்ததும், ஒத்துவராத மழைக்கு மதிப்பைக் குறைப்பாள். மண் கணக்குக்கும் அதே கதி. லிம் வேனில் ஏறும்போதே எங்க ஊர் 'லா' போட்டு முணுமுணுப்பார்: "மழை பேய வச்சது ஐடா, திட்டு வாங்குறது என் மலை லா!"

பெரட்டுக்களம்

ஒருநாள் தே தாரிக் டீ குடிக்கும்போது எங்க ரப்பர் எஸ்டேட் கதையைச் சொன்னேன். விடியலில் ஆளெடுக்கும் பெரட்டு. ஆளை மேய்க்கிற மண்டோர் வானத்தைப் பார்த்து, "மழை வந்தாலும் வரும்" என்பார். ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி, "மழை வரும்" என்பார். துரை காதில் விழும்போது மழையே வந்திருக்கும். பால்வெட்டு இல்லைன்னு வீட்டுக்குத் திரும்பினால், வெயில் பல்லைக் காட்டும்.

மீனா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஆபீசும் அந்தப் பெரட்டுக்களம்தான் அங்கிள், மேல போகப் போக சந்தேகம் உதிர்ந்திடும், தொப்பிதான் வேற."

ஒரு வார்த்தை கேட்டவர்

சுங்காய் பக்கம் நான் பிறந்த எஸ்டேட் இப்போ ரப்பர் போய் முழுக்க எண்ணெய்ச் செம்பனை. முழுசா மிச்சம், ஆற்றங்கரை மாரியம்மன் கோயில்தான். ஈப்போ, சிங்கப்பூர்னு சிதறினவங்க திருவிழாவுக்கு மட்டும் வந்து ஒரே பந்தியில் சாப்பிடுவோம்.

ஒரு வருஷம் மீனாவும் என்னோடு வந்தாள்; திருவிழாவுக்கு முதல்நாளே மேலே மலைப்பக்கம் கறுத்திருந்தது. கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன், ஆறு ஏறுமான்னு மீனாவைப் பிடித்துக்கொண்டார். ஆற்றில் அளந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, "கரை ஏற பத்துக்கு மூணு வாய்ப்பு, ஐயா" என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வருமா, வராதா? ஒரு வார்த்தை சொல்லும்மா! திருவிழாவை நிறுத்திட்டு ஆறு வரலைன்னா, அடுத்த வருஷம் ஒருத்தனும் வரமாட்டான். எங்க சனத்தைச் சேர்த்து வைக்க வேற என்ன இருக்கு?"

சாமி கீழே, சோறு மேலே

மீனா "ஆறு வந்தா எது போகும்?" என்று கேட்டாள்.

"பந்தி. சட்டிபானை. உட்கார்ந்திருக்கிற கிழடுகட்டைங்க."

"ஆறு வராமப் போய், பந்தியை மேட்டுல போட்டிருந்தா?"

"சட்டி தூக்கியே முதுகு போகும்!"

"அப்ப முதுகையே கொடுத்திடலாம் ஐயா."

பூசையைக் காலையிலேயே கீழே முடித்தோம். பந்தி மேட்டில், இடிஞ்சுபோன ரப்பர்ப்பால் ஸ்டோர் வாசலில். சிங்கப்பூரிலிருந்து வந்த செல்லம்மா அக்கா இலை முன்னால் உட்கார்ந்து, "இங்கதான் வாளியோட வரிசையில நின்னோம்" என்றதும் பரிமாறுகிறவன் கைகூட நின்றது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை. சாயங்காலம்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

மலைப்பக்கம் மழை கொட்டியது. ஆறு கோயில் படிக்குக் கீழேயே நின்று, வடிந்துவிட்டது. முனியாண்டி அண்ணன் இடுப்பைப் பிடித்தபடி வந்தார். "பார்த்தியாம்மா, வரவே இல்ல! அடுத்த வருஷமும் பந்தி இங்கதான், சனம் கேக்குது. ஆனா சட்டியை நீ தூக்கு லா!"

பத்துக்கு மூணு சொன்ன அந்தப் புத்திசாலிப் பொண்ணு ஜெயிச்சேன்னும் சொல்லாமல், தோத்தேன்னும் சொல்லாமல், ஆறு நின்ற இடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டாள்.