தண்ணீர் எடுத்தது யார்

எங்கள் சந்தில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பது பெண்கள்தான். மட்டாஞ்சேரிக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால்தானே. பாதி நாள் லாரியை நம்பித்தான் அடுப்பில் உலை ஏறும். நான் மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. ஊரார் வீட்டுக் குப்பையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. சொந்த வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்தால் மட்டும் மானம் போய்விடுமாம். அப்படி ஒரு முட்டாள்தனம்.

மனைவி அப்போது இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தாள். ஈரத்தரையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும், தலைப்பிரசவத்துக்கு அவளைப் பள்ளுருத்தியில் உள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப்போக மாமியார் வந்தார். நான் நல்ல பிள்ளையாகச் சிரித்து, ஒன்பதாம் மாதம் அனுப்புகிறேன், அதுவரை இங்கேயே ஓய்வாக இருக்கட்டும் என்றேன். அவள் போய்விட்டால் லாரிக்கு யார் போவது என்பதுதான் என் கவலை. மாமியார் என்னை நம்பித் தனியாக பஸ் ஏறினார். கட்டி வைத்திருந்த துணிப்பையை மனைவி அவிழ்த்தாள்.

பத்தாம் நாள் காலை, இரண்டாவது குடத்தை இறக்கி வைக்கும்போதே அவளுக்கு வலி கண்டது. மகள் குறைமாதத்தில், என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுக்குப் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைத்துவிடுமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றுதான் பதில்.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே வந்து எல்லாம் விசாரித்தார். என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்பது, என்ன சாப்பாடு. இன்னது ஒன்றால்தான் என்று சொல்ல முடியாது, நிற்பதும் சுமப்பதும் அரை வயிறும் ஓய்வில்லாததும் எல்லாம் சேர்ந்து உடம்பைப் படுத்தும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் தண்ணீர் எடுப்பது யார் என்று மலையாளத்தில் கேட்டார்.

"வீட்டில் வெள்ளம் ஆரா எடுக்குன்னே?"

"ஞானாணு," என்றேன், நான்தான் என்று.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா என் பதிலை எழுதிக்கொண்டார். பெற்ற பிள்ளை பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறும்போதுகூட நான் என் மரியாதையைத்தான் காப்பாற்றினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மகள் தேறி, ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து தண்ணீர் நான்தான் எடுக்கிறேன். வரிசையில் நிற்கும் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் வீட்டுக்காரர்களைக் குத்திப் பேசுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

இப்போது மகளுக்கு ஆறு வயது. போன வாரம் நான் குடத்தோடு வீட்டுக்குள் நுழையும்போது, எப்பவும் அப்பாதான் வெள்ளம் எடுக்குமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ வயித்துல இருக்கும்போதே அப்பாவாக்கும் எடுத்தது," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

மகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். குடத்தை இறக்காமல் நின்றேன். இல்லை என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.