சலித்தெடுத்த செம்மண்

செஞ்சியில் போய்க் கல்லை விலை கொடுத்து வாங்குவார்களா என்று என் பிறந்த வீட்டில் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் கல். யாரோ ஒரு பெரிய சாமி வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, பரப்புவதற்குள் வேறு ஜோலி வந்து போய்விட்ட மாதிரிதான் எங்கள் மலைகள் இருக்கும். ஆனாலும் அந்த அறுபதுகளில் ஓர் ஆடி மாதம் என் மாமனார் சரளைக்கல் தேடிப் புறப்பட்டார். எனக்காகத்தான் என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

கடைத்தெருவில் அவருக்கு மல்லாட்டை மண்டி. நிலக்கடலை என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் நாக்கில் வராது. மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று சிங்கவரம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி வீட்டைக் கட்டியிருந்தார். சாலைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை, வெறும் களிமண். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை வந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது.

முந்தின வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு வலி எடுத்தது. பஸ் ஸ்டாண்டு வரை மாட்டுவண்டியில் போய், அங்கே வாடகைக் கார் பிடித்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. வண்டி எங்கள் பாதையையே தாண்டவில்லை. நடுவில் இருந்த ஒற்றைப் பனைமரத்தடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அச்சு வரை இறங்கி நின்றுவிட்டது. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தங்கவில்லை.

அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமனார் மட்டும் சில மாதம் கழித்து, யாரிடமும் கேட்காமல், பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கி வந்து சாலையோரம் நிறுத்தினார். "இனிமே மாட்ட நம்ப வேணாம்" என்றார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஓட்டக் கற்றுக்கொண்டார். நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன். கார் வாசல் வரை வந்து போக வேண்டுமானால், மழைக்கு முன்னால் பாதையில் கல் விழ வேண்டும்.

சரளை வாங்குவதிலும் மாமனார் மண்டிக்காரர்தான். மூன்று இடத்திலிருந்து சாம்பிள் வரவழைத்து, மூன்று தாம்பாளத்தில் பரப்பி வைத்தார். ஒன்று, உடைத்த கருங்கல் ஜல்லி. இன்னொன்று ஆற்றிலிருந்து வந்த கூழாங்கல், வழவழவென்று பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது, வல்லம் பக்கத்து மேட்டுச் சரளை, செம்மண்ணோடு சேர்ந்த சின்னச் சின்னச் சிவப்புக் கல். ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, உஃப் என்று ஊதினார். மல்லாட்டைக்கு அப்படித்தான் செய்வார். ஊதின தூசி என் முகத்தில் வந்து பட்டது.

அந்த வாசனையை இப்போது நினைத்தாலும் வாயில் நீர் ஊறுகிறது. மசக்கை வந்தவர்கள் மாங்காய்க்கும் சாம்பலுக்கும் ஆசைப்படுவார்கள். என்னைப் பிடித்து ஆட்டியது மண். மழை தூறியதும் எழும் வாசனை வந்தால் அப்படியே மயங்கிப்போவேன்.

"நீ சொல்லும்மா, எத வாங்கலாம்?" என்று மாமனார் திடீரென்று கேட்டார்.

நான் சிவப்பைக் காட்டினேன். கூழாங்கல்தான் பார்வையாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். "அது கேட்டுதில்ல, அதான்" என்று முடித்துவிட்டார் மாமனார். அந்தக் குழந்தை போன பிறகு நான் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

வண்டிகள் வந்து சரளையைக் கொட்டிவிட்டுப் போயின. மாமனார் ஒரு கை அள்ளினார். முகம் மாறிவிட்டது. பாதிக்குப் பாதி மண்.

"சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணா? மண்ணக் கலந்து ஏமாத்திட்டான்!"

சாம்பிளில் இருந்த மண்ணை ஊதி விரட்டியது தாமேதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. மல்லாட்டையில் மண் கலப்பவனைவிடக் கேடுகெட்டவன் உலகத்தில் இல்லை என்று நம்பின குடும்பம். மறுநாளே மண்டியில் வேலை செய்யும் பெண்கள் சல்லடைகளோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சலிக்கிற ஓசை காலையிலிருந்து மாலை வரை வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். கனவில் அந்தப் பாதை சிவப்பாக நீண்டு, மலைமேல் ஏறி, கோட்டையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். நான் யாரையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பேன்.

சலித்த கல் பாதைக்குப் போயிற்று. மண்ணைக் கொல்லையில் குவித்தார்கள். அதை வாரிக் கொட்டச் சொன்னபோது, "முருங்கைக்கு அணைக்கலாம் மாமா, இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டேன். கோணி போட்டு மூடியும் வைத்தேன். மத்தியானம் வீடு அயர்ந்து தூங்கும். நான் கோணியைத் தூக்கி, விரலால் குடைந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வேன். முதலில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெதுவாகக் கரையும். வயிற்றுக்குள் குழந்தையும் ஒரு புரளு புரளும். அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் பயம் இருக்காது.

புரட்டாசியில் முதல் பெருமழை. ஓய்ந்ததும் ஓட்டிப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் காரை உள்ளே திருப்பினார். சுத்தமான கல், உருண்டையான கல், ஒன்றையொன்று பிடிக்கவே இல்லை. சக்கரம் சுற்றச் சுற்றக் கல் நாலாபக்கமும் தெறித்தது. மீதிக் கல் களிமண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. கார் நின்ற இடம் அதே பனைமரத்தடி. முழங்கால் வரை சேறோடு இவர் நடந்து வந்ததைப் பார்த்ததும் நான் மூட்டை அறைக்குள் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இந்தக் குழந்தையும் அங்கேயே பிறந்து அங்கேயே போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அப்போது கொல்லையிலிருந்து அத்தை, என் மாமியார், கூப்பிட்டார். தேங்கின தண்ணீருக்கு வழி வெட்டப் போனவர்.

"இங்க வந்து பாருங்க. மம்பட்டி எறங்க மாட்டேங்குது!"

கோணி விலகின ஓரத்தில், சல்லடையிலிருந்து தவறின கல்லும் அந்தச் செம்மண்ணும் மழையில் நனைந்து, மிதிபட்டு, சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தன. மாமனார் குனிந்து விரலால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"மண்ணுதான் கல்லப் புடிக்குது. அத நானே சலிச்சி எடுத்துட்டேன்" என்றார். பிறகு குவியலைப் பார்த்து, "இதுல இன்னா இத்தினி குழி? எலியா?"

"எலிதான்" என்றார் அத்தை. "ரெண்டு உசுரு எலி. மருமவ தின்னது போக மிச்சம் இருக்குது, அள்ளிப் போடுங்க."

நான் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மாமனார் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வெயில் கண்டதும் புதிதாய் இன்னும் கொஞ்சம் சரளையை, இந்த முறை சலிக்காமல், போட்டார்கள். சலித்தெடுத்த மண்ணை மேலே தூவி, தண்ணீர் தெளித்து, தண்ணீர் நிரப்பின பீப்பாயை உருட்டி உருட்டி இறுக்கினார்கள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. அதே மழை. கார் வாசலில் நின்றது. பின்சீட்டில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சக்கரத்துக்கு அடியில் சரளை கரகரவென்று அரைபடும் சத்தம் கேட்டது. சாய்வதற்காகக் காத்திருந்தேன். இதோ, இதோ என்று உடம்பெல்லாம் காத்திருந்தது. சத்தம் நின்றுபோனது.

"அத்தை, பனமரமா?"

"அது எப்பவோ போச்சிடி. கண்ணத் தொற, பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டோம்."

திறந்தேன். தார்ச்சாலை மழையில் பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. நான் ஓவென்று அழுதேன். முன்சீட்டில் மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை மட்டும் அழவில்லை. முந்தானையால் என் வாயோரத்தை அழுத்தித் துடைத்தார்.

"மண்ணு ஒட்டிக்கினு இருக்குது பாரு. டாக்டரம்மா கேட்டா இன்னாடி சொல்றது?"

டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் மகளின் அழுகுரல்தான் கேட்டது.