தாசையன் அண்ணனின் இடது கை

அல் கூஸில் தச்சுப் பட்டறை வாசலில் காலித் தேனீப் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பண்ணையில் எங்களோடு வேலை பார்க்கும் ஷரீஃப் பாய் போன் செய்தார். "காதர் பாய், தாஸ் பாய் கிர் கயா." விழுந்துவிட்டார் என்றால் தூக்கி உட்கார வைக்க வேண்டியதுதானே என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். "உட் நஹி ரஹா பாய்" என்று அழுதார். எழவில்லையாம். காலை ஏழு மணிக்கு என்னோடு சாயா குடித்த மனிதர் பத்தரை மணிக்கு இல்லை. நான்கு நாள் ஆகிறது. இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாசையன் அண்ணன் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். ரப்பர் தோட்டங்களில் தேனீ வளர்த்துப் பிழைத்தவர். பதினோரு வருடத்துக்கு முன் இங்கே வளைகுடாவில், மலையடிவாரத்தில் ஓர் அர்பாபின், அதாவது அரபு முதலாளியின், தேன் பண்ணைக்கு வந்தார். நான் அறந்தாங்கிப் பக்கம், அதே பண்ணையில் டிரைவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். முதல் நாளே முகத்தில் நாலு கொட்டு வாங்கி, வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டவன் நான். "எடே காதரு, உள்ள இருந்து அவிஞ்சு போவாத, எறங்கி வா" என்று தினமும் கூப்பிடுவார். அவர் இருந்தவரை ஒரு பெட்டியைக்கூட நான் திறந்ததில்லை.

வந்த முதல் வருடம் அவருக்கு ஒரு பெரிய அடி. ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டியாக்குவதை ஊரில் கார்த்திகையில் தொடங்குவார்களாம். அந்தக் கணக்கிலேயே இங்கேயும் பிரித்துவிட்டார். மலையடிவாரக் குளிரைச் சின்னக் கூட்டங்கள் தாங்கவில்லை. பாதிப் பெட்டி செத்துப்போனது. நோய் என்று சொல்லித் தப்பியிருக்கலாம், நானும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன். அவரோ அர்பாபிடம் நேரே போய், "கலத்தி மேரா அர்பாப். மக்கி கா நஹி" என்றார். தப்பு என்னுடையது, தேனீயுடையது இல்லை என்று. அர்பாப் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பண்ணைச் சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சிரிக்கவும் நிறைய உண்டு. ராணித் தேனீயை அடையாளம் காண அதன் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். அதற்கு நகப்பூச்சு வாங்கப் பக்காலாவுக்குப் போனார். "யாருக்கு அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்க, "எனக்க ராணிக்கு" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் கேம்ப் முழுக்கப் பரவி, ஊரில் அவர் மனைவி மேரி தங்கச்சி காது வரை போய்விட்டது. அன்று சாயங்காலம் வீடியோ காலில் ஒரே சண்டை. அண்ணன் மறுநாள் ராணியை விரலில் ஏற்றிக் கேமரா முன்னால் நீட்டி, "இவதான் அவ, நல்லா பாத்துக்கோ" என்றார். அந்தம்மா சிரித்த சிரிப்பு வண்டிக்குள் இருந்த எனக்கே கேட்டது.

இங்கே குளிர் போவது தெரியாமல் போகும். ஒரு நாள் காலையில் ஸ்வெட்டரைக் கழற்றுவோம், அவ்வளவுதான். ஆனால் பெட்டிக்குள் அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்பார் அண்ணன். கூட்டம் பெருகி இடம் போதாமல் நெருக்கும். அந்த வாரத்தில் பிரிக்காவிட்டால் பாதித் தேனீ பழைய ராணியோடு வெளியே பறந்துவிடும். பதினேழாம் பெட்டி அப்படித்தான் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் நான் காலிப் பெட்டி எடுக்கப் போனேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவர் போவதற்கு முந்தின நாள் ஒரு பெட்டி சரிந்து அவர் இடது கையில் ஏழெட்டுக் கொட்டு. மறுநாள் காலை சாயா குடிக்கும்போது அந்தக் கையையே நீவிக்கொண்டிருந்தார். "கை ஒரு மாதிரி கழப்பா இருக்குடே. தோளுவரைக்கும் ஏறுது." குளிர்காற்று அடிக்கிறது, அவர் நெற்றியில் வேர்வை. பெட்டிப் பக்கமே போகாத நான் பெரிய வைத்தியன் மாதிரி, "நேத்து வாங்குனதுதான்ணே" என்றேன். வெங்காயத்தை வெட்டித் தேய்த்தும் விட்டேன். "கொட்டுக்கு மருந்து போடுத அளவுக்கு நீ தேறிட்டியேடே" என்று கிண்டல் செய்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரிக்குப் போணுமோ?" என்று கேட்டார். "தேனீக்காரன் கொட்டுக்கு ஆஸ்பத்திரி போனா ஊரே சிரிக்கும்ணே" என்றேன். சரிதான் என்று அவரும் சிரித்தார்.

மாரடைப்பு என்று பிறகு எழுதிக்கொடுத்தார்களே, அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் நான் அல் கூஸுக்கு வண்டி ஓட்டினேன். பாவி.

அன்று மதியம் மேரி தங்கச்சி போனில், "அண்ணே, இன்னைக்கு காலத்த எதாவது சொன்னாரா?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லையம்மா என்றேன்.

மறுநாள் காலை பதினேழாம் பெட்டி வெளியே கிளம்பிவிட்டது. காஃப் மரக் கிளையில் பலாப்பழம் அளவுக்கு அப்பித் தொங்கியது. ஷரீஃப் பாய் அர்பாபோடு அண்ணனை ஊருக்கு அனுப்பும் பேப்பர் வேலையாகப் போயிருந்தார். நான் மட்டும்தான். விட்டால் மலைக்குள் போய்விடும். வண்டியிலிருந்து இறங்கினேன். "பெறப்பட்டுப் போறது வயிறு நெறைய தேன் குடிச்சிட்டுத்தான் கெளம்பும். கொட்டாது, பதறாத" என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கிளைக்குக் கீழே புதுப்பெட்டியை வைத்து ஓங்கி உலுக்கினேன். தலை, கழுத்து, கை எல்லாம் தேனீ. ஒன்றுகூடக் கொட்டவில்லை. ஒன்றாவது கொட்டியிருக்கலாம் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு மேரி தங்கச்சிக்குப் போன் போட்டேன். "தப்பு என்னோடதும்மா" என்று தொடங்கி, கை வலி, வேர்வை, வெங்காயம், ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னேன்.  

"கொட்டுனது நோவுதுன்னு அவரு சொல்லி நான் கேட்டதே இல்லியே அண்ணே. கல்யாணம் கழிஞ்ச நாள்லேர்ந்து ஒரு தடவகூட சொன்னதில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

அண்ணே, இன்று சாயங்கால விமானத்தில் நீங்கள் திருவனந்தபுரம் போகிறீர்கள். காலையில் புதுப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். உங்கள் சிவப்புப் புள்ளிக்காரி அடையில் நன்றாக நடமாடுகிறாள். மீதிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பெட்டியில் இடது கையில் ஒன்று கொட்டியது. "வலிக்குதுண்ணே" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க அங்கே யாருமில்லை. போய் வாருங்கள்.