அக்கா துடுப்பை வாங்கிய நாள்

நான் தச்சநல்லூர்க்காரி. தொண்ணூறுகளின் நடுவில் கொற்கைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போகும்வரை கருப்பட்டியைக் கடையில்தான் பார்த்திருந்தேன். புகுந்த வீட்டில் ஆண்கள் பனை ஏறிப் பதனீர் இறக்கினார்கள், பெண்கள் காய்ச்சினார்கள். நான் போனபோது மாமியார் உயிரோடு இல்லை, காய்ச்ச ஆளில்லை. முந்தைய பருவத்தில் என் கணவரின் அண்ணன் பனையிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் போன பிறகு, பதனீர் காய்ச்சும் குடிசைப் பக்கமே அக்கா போகவில்லை. சோறு பொங்குவார், ஆடுகளைப் பார்ப்பார். பனை என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானாகவே அடுப்பு மூட்டினேன். முதல் சட்டியைச் சீக்கிரம் இறக்கிவிட்டேன். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றியது இறுகாமல் கொழகொழவென்று கிடந்தது. அடுத்தது தீய்ந்தது. ஒருநாள் நுரை பொங்கிக் கையில் வழிந்து தோல் உரிந்துவிட்டது. "ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டா நுரை அடங்கும்னு எங்கம்மா சொல்லுவா" என்றார் என் கணவர். காய்ச்சுவதில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாகைத் தண்ணீரில் சொட்டுவிட்டு உருட்டிப் பதம் பார்க்க, போகப்போகக் கை பழகிக்கொண்டது.

ஒரு முற்பகல், பாகு கெட்டிப்பட்டு வரும்போது தச்சநல்லூரிலிருந்து ஆள் வந்தது. என் அப்பா போய்விட்டார். கணவர் பனை மேல் இருந்தார். நான் அழுதுகொண்டே துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஏன் நிறுத்தவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. அக்கா நின்றார். சற்றுத் தயங்கிவிட்டு உள்ளே வந்தார்.

"குடுட்டி இங்கன. நான் பாத்துக்கிடுதேன். நீ அப்பா முகத்தப் போய்ப் பாரு."

காரியம் எல்லாம் முடிந்து திரும்பியபோது அக்காதான் அடுப்படியில் இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்த ஓலையைத் தள்ளினேன்.

"அவுக கடைசியா ஏறுன பனையில தம்பி ஏறுதானா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. அதுகிட்டப் போகவே பயமா இருக்காம்."

அக்கா பாகைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"பயப்படாம ஏறச் சொல்லு. நல்ல பனைட்டி அது. பாளை வீணாப் போவுது."

மறுநாள் என் கணவர் அந்தப் பனையில் ஏறினார். அவர் கீழே இறங்கும்வரை அக்கா குடிசைக்கு வெளியே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.