துடைத்து வைத்த லப்டொப்

புத்தம் புதிய லப்டொப் ஒன்று விழித்தெழ ஆறு நிமிடம் எடுத்தது. கண்டியில் நானும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியும் ஒரே அறையில் போர்டிங் இருந்தோம், லப்டொப் அவளுடையது. கனடாவிலிருந்து அவளுடைய அண்ணா யார் யாரையோ பிடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அவள் பேராதனைக் கம்பஸில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் நாவலப்பிட்டிக்காரி. டவுணில் ஒரு தனியார் நிலையத்தில் கம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னைவிட நாலு வயது இளையவள் என்பதால் அவள் என்னை அக்கா என்பாள்.

அந்த ஆறு நிமிடத்தில் திரையில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. யாரும் கேட்காத சீட்டு விளையாட்டு, யாரும் கேட்காத படம் திருத்தும் மென்பொருள், கடைசி வரை போகாத விளம்பரப் பட்டை ஒன்று. காசு வாங்கிக்கொண்டு இவ்வளவு குப்பையையும் உள்ளே திணித்து அனுப்பிய கம்பனிக்காரன் அதற்குப் பரிசுப் பொதி என்று பெயரும் வைத்திருந்தான். எல்லாம் முடிந்ததும் வைரஸ் காவலன் ஒருவன் சிவப்புப் பெட்டியோடு குதிப்பான். உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, இன்னும் இருபத்தொன்பது நாள்தான் என்பான். சண்டை உச்சத்தில் இருந்த காலம். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியோடு கண்டியில் நடமாடுகிறவளுக்கு ஆபத்தைப் பற்றிச் சொல்லித்தர வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்துவிட்டான் என்று நான் சொல்ல, அவள் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அவளுக்குக் கொழும்பில், ஒரு தூதரகத்தில், புலமைப்பரிசில் நேர்முகம். அது கிடைத்தால் வெளியே போய்ப் படிப்பை முடிக்கலாம். கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணப் பாதை திறக்கும் வரை ஊருக்கும் போக முடியாமல், ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் பொலிஸ் பதிவைக் காட்டிக்கொண்டு இதே அறையில் கிடக்க வேண்டும். நேர்முகத்தில் தன் ஆய்வை லப்டொப்பில் திறந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக்காரர் முன்னால் அந்தச் சிவப்புப் பெட்டி குதிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மானம் போகும், எல்லாவற்றையும் துடைத்துத் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். அவள் சரி என்றாள்.

ஞாயிறு காலை உட்கார்ந்தேன். முதலில் லப்டொப்பின் அடியில் ஒட்டியிருந்த வின்டோஸ் இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொண்டேன். வைஃபைக்கும் சத்தத்துக்கும் தேவையான டிரைவர்களை முன்பே பென் டிரைவில் இறக்கி வைத்திருந்தேன். பிறகு வின்டோஸ் சீடியைப் போட்டு டிஸ்க்கை அடியோடு துடைத்தேன். ஒரு மூலையில் கம்பனிக்காரன் மறைவாக ஒரு பகுதியை ஒதுக்கி, அத்தனை குப்பைக்கும் இன்னொரு பிரதி வைத்திருந்தான். நாளைக்கு யாராவது பழைய நிலைக்குத் திருப்பினால் எல்லாம் மறுபடியும் வந்து குந்திக்கொள்ளும். அதையும் அழித்தேன். வின்டோஸோடு வரும் மாதிரிப் பாட்டு, மாதிரிப் படம், விளையாட்டு, ஒன்றையும் விடவில்லை. பின்னேரம் அது பதினெட்டு விநாடியில் விழித்தது. இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்து உறுதிப்படுத்தினேன்.

அவள் தன் குடும்பப் படங்களையும் பாட்டுகளையும் சீடியில் எழுதி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். கொழும்புக்குப் போகும்போது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். முதல் நாளே பையைக் கொட்டி, தமிழ்ப் பேப்பர், கடிதம், கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். மேலே ஒரு சிங்களப் பத்திரிகையை மடித்து வைப்போம். என் பையில் அப்படி ஒன்று மாதக்கணக்காகக் கிடந்தது. வெறும் பையைக் கண்டால் வழியில் சோதிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்பது எங்களுக்குப் பழக்கத்தில் தெரியும். பையில் தெரிந்த புத்தி எனக்கு லப்டொப்பில் வேலை செய்யவில்லை.

அவளுக்குச் சிங்களம் வராது. அதனால் நானும் கூடப் போனேன். கொழும்புக்குள் நுழையுமுன் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் பைகளோடு இறக்கினார்கள். அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தவன் லப்டொப்பைத் திறக்கச் சொன்னான். பதினெட்டு விநாடி. வெறும் நீலத் திரை, அதில் ஒரேயொரு கோப்புறை. அதைத் திறந்தான். கலகெதரப் பக்கத்தில் எடுத்த மண் மாதிரிகளின் குறியீடுகளும் எண்களும் பக்கம் பக்கமாக ஓடின.

பாட்டு எங்கே என்று கேட்டான். படங்கள் எங்கே, விளையாட்டு எங்கே, தன் தங்கையின் கம்பியூட்டரில் எவ்வளவு கிடக்கிறது, இதில் ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டான். அவள் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்" என்றேன்.

பேசினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நல்ல சிங்களத்தில், வகுப்பெடுக்கும் தோரணையில், கம்பனிகள் குப்பையைத் தலையில் கட்டும் விதத்தை அவனுக்கு விளக்கினேன். மறைவாக ஒரு பகுதி இருந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் நேற்று முன்தினம் நான்தான் அழித்தேன் என்று பெருமையோடு முடித்தேன். அவன் பேனையை எடுத்து அந்தக் கடைசி வசனத்தை மட்டும் எழுதிக்கொண்டான்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஒரு தகரக் கொட்டிலில் இரண்டு கதிரையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவனாக வந்து என்ன அழித்தீர்கள் என்று கேட்டான். விளையாட்டு என்றால் ஒருவனும் நம்பவில்லை. சீட்டு விளையாட்டை மினக்கெட்டு அழிக்கிற தமிழரை அவர்கள் கண்டதில்லை போலும். அவளுடைய பேராசிரியர் தொலைபேசியில் யார் யாரிடமோ பேசி எங்களை வெளியே எடுத்தபோது மணி ஐந்து. திரும்பி வரும் வழி முழுக்க அவள் அழவில்லை, என்னை ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன் காலை தூதரகத்துக்குக் கோல் எடுத்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது, அதற்குப் பிறகு தெரிவு முடிந்துவிடும் என்றார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு லப்டொப்பை என் மடியில் வைத்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் பழையபடி போட்டுத் தாங்கோ."

மறைபகுதியை அழித்த புண்ணியவதி நான், பழையபடி எப்படி வரும்? நிலையத்து இணையத்தில் ஒவ்வொன்றாகத் தேடி இறக்கினேன். மாணவர்களிடம் விளையாட்டு சீடி கேட்டு வாங்கினேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எந்தப் பெட்டிகளில் டிக் போடக்கூடாது என்று வருடக்கணக்காகப் படிப்பித்தேனோ, அத்தனையிலும் டிக் போட்டேன். விளம்பரப் பட்டை மூன்று வந்தன. வைரஸ் காவலனும் வந்தான். சிங்களப் பாட்டுகள் நாற்பது, நடிகையின் படமொன்று முகப்பில், அறையில் நாங்கள் இருவரும் கேக் வெட்டும் படங்கள். வியாழன் பின்னேரம் அது விழித்தெழ ஏழு நிமிடம் எடுத்தது. கம்பனிக்காரனையும் மிஞ்சிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதே சாவடி, வேறொருவன். அடையாள அட்டையைப் பார்த்தான், லப்டொப்பைத் திற என்றான். அது முனகிக்கொண்டே விழிக்கத் தொடங்கியது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். வெயிலில் நின்ற சனம் முணுமுணுத்தது. கொண்டக்டர் மணியைப் பார்த்துச் சத்தம் போட்டான். நடிகை மெதுவாக மேலிருந்து கீழாகத் தெரிய வந்தாள். அவள் தோள் வரை வருமுன் சிவப்புப் பெட்டி குதித்தது. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது.

அவன் சிரித்தான். தன் வீட்டிலும் இதே சனியன்தான் என்றான். மூடியை அவனே சாத்தி அவள் கையில் கொடுத்துப் போகச் சொன்னான்.

ஒன்றரை மணிக்கு அவள் தூதரகத்துக்குள் போனாள். இரண்டு மாதத்தில் நாட்டைவிட்டும் போனாள். அந்த லப்டொப்பை விமானத்தில் ஏறும் வரை துடைக்க விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, சாவடியைத் தாண்டி பஸ்ஸில் திரும்ப ஏறி உட்கார்ந்தபோது, எங்கோ இருக்கும் அந்தக் கம்பனிக்காரனுக்கு நான் மனதார நன்றி சொன்னேன். அப்படி ஒரு குப்பைக்கு என்னை நன்றி சொல்ல வைத்தவர்களை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.