எஞ்சின் நின்ற கூட்டம்

எங்கள் தீவின் வர்த்தகர் சங்கத்துக்கு முத்திரை இருக்கிறது, தலைப்பு அச்சடித்த கடதாசி இருக்கிறது, கட்டடம்தான் இல்லை. கூட்டம் நடப்பது படகில். செவ்வாய்க்கிழமைகளில் கடைக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் எடுக்கப் போவோம். அக்கரையில் குறிகாட்டுவான் துறைக்குப் போய்ச் சேரும்வரை ஒருவரும் இடையில் எழும்பிப் போக முடியாது. இதைவிட நல்ல மண்டபம் எங்கே கிடைக்கும் என்பார் தலைவர்.

சங்கம் தொடங்கியதே படகால்தான். முன்பெல்லாம் பயணிகளை ஏற்றிய பிறகு இடமிருந்தால்தான் எங்கள் மூட்டைகளை ஏற்றுவார்கள். எங்கள் கோயில் திருவிழாக் காலத்தில் மரக்கறி துறையிலேயே கிடந்து வாடும். தனித்தனியே போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் சேர்ந்து போய்ப் படகுக்காரரிடம் கேட்டார்கள். சாமானுக்கென்று தனி வள்ளம் வந்தது. தென்பகுதியில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர்தான் அப்போது முன்னுக்கு நின்றவர். இன்றைக்கும் அவரே தலைவர். இரும்புச் சாமான்களும் சீமெந்தும் விற்கிறார்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இறங்குதுறை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டிலில் சோடா, கற்பூரம், பனங்கட்டி விற்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எப்போதும் எஞ்சினுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில்தான் இருப்பேன். அங்கே தலைவர் சொல்வதும் பாதிதான் கேட்கும், நான் சொல்வது ஒருவருக்கும் கேட்காது. முன்னால் இருப்பவர்கள் கை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன்.

போன வருடம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் துறையில் ஒரு வரவேற்பு வளைவு கட்டித் தர முன்வந்தார்கள். சங்கம் பொறுப்பெடுத்தது. வரைபடத்தைப் பார்த்தால் இடது பக்கத் தூண் சரியாக என் கொட்டிலுக்குள் நிற்கிறது. எனக்குச் சந்தைக்குப் பின்னால் இடம் தருவதாகச் சொன்னார்கள். சந்தைக்குப் பின்னால் ஆடுகள்தான் வரும். ஆடு சோடா குடிக்காது.

முடிவெடுக்கும் செவ்வாய்க்கிழமை வந்தது. விடியவே மனைவி சொல்லிவிட்டாள்.

"இண்டைக்கும் வாயைத் திறக்காமல் வந்தியள் எண்டால், ஆட்டுக்குப் பக்கத்திலை நீங்கள் தனியத்தான் கடை போடோணும். நான் வரமாட்டன்."

படகு பாதிக் கடலைத் தாண்டிவிட்டது. தலைவர் வரைபடத்தை விரித்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்கு எழும்பத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் இருந்த மரக்கறிக்கடை அண்ணையின் காதுக்குள், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினேன்.

"அவருக்கென்ன அண்ணை, வளைவு எங்கை நிண்டாலும் தன்ரை சீமெந்து வித்தால் சரி."

இதைச் சொல்லத் தொடங்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முடிக்கும்போது நின்றுவிட்டது. எண்ணெய்க் குழாயில் அடைப்பாம். படகு முழுக்க என் குரல் மட்டும்தான் கேட்டது. மரக்கறிக்கடை அண்ணை மெல்ல என்னைவிட்டுத் தள்ளிப்போய் இருந்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓம், விக்கத்தான் போறன். ஊரிலை வேறை ஆரிட்டைச் சீமெந்து கிடக்கு? மிச்சத்தையும் சொல்லும்."

எழும்பினேன். படகின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அலையால் என்று நினைத்திருப்பார்கள்.

"கோயிலுக்கு வாற சனம் துறையிலைதான் என்னட்டை வாங்கும். சந்தைக்குப் பின்னாலை ஆர் வரும்? தூணைப் பத்து அடி தள்ளி வைச்சால் என்ன அண்ணை?"

தலைவர் வாய் திறக்குமுன் பின்பக்க வாங்கிலிருந்து பயணி ஒருவர், வயதான அக்கா, குரல் கொடுத்தார்.

"அதுதானே. ஆசுபத்திரிக்குப் போக வள்ளம் பாத்து, வெய்யிலுக்கு நாங்கள் இவரின்ரை கொட்டிலிலைதானே நிக்கிறனாங்கள்."

"அக்கா, இது சங்கக் கூட்டம்," என்றார் செயலாளர்.

"இது வள்ளம், தம்பி. நானும் ரிக்கற் எடுத்துத்தான் இருக்கிறன்."

எஞ்சின்காரர் தலையை நீட்டினார். "அடைப்பு எடுத்தாச்சு. ஸ்ராட் பண்ணட்டோ?"

"பொறும்," என்றார் தலைவர். "திருப்பிச் சத்தம் வந்தால் இவர் ஒளிச்சிடுவார். முடிவெடுத்திட்டுப் போவம்."

"அங்காலை பஸ் போகப்போகுது. கெதியாக் கையை உயர்த்துங்கோ," என்றது இன்னொரு குரல்.

தூணைத் தள்ளி வைக்க விருப்பமானவர்கள் உயர்த்தலாம் என்றதும் படகே உயர்த்தியது. கடைக்காரர், ஆசுபத்திரிக்குப் போவோர், தீவின் புத்த விகாரைக்கு வந்து திரும்பிய தென்பகுதிச் சிங்கள யாத்திரிகர்கள்கூட, என்னவென்று தெரியாமலே சிரித்தபடி உயர்த்தினார்கள். தலைவரின் கையும் அதற்குள் இருந்தது. அங்கத்தவர் கை எது, பயணி கை எது என்று பார்த்துப் பார்த்துக் களைத்த செயலாளர், கடைசியில் "ஏகமனதாக" என்று எழுதினார்.

வளைவு எழும்பிவிட்டது. சீமெந்து தலைவரின் கடையிலேயே எடுத்தார்கள். பின்னேரத்தில் தூணின் நிழல் என் கொட்டிலுக்கு முன்னால் விழுகிறது. படகுக்குக் காத்திருப்பவர்கள் இப்போது அதிலும் நிற்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் முன்னாலிருந்து என்னைப் பார்த்து உரத்துக் கேட்பார். "தம்பி, ஏதும் சொல்ல இருக்கோ? எஞ்சினை நிப்பாட்டச் சொல்லட்டோ?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் உண்மையிலேயே சொல்ல இருந்தது. அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொன்னீர்களா என்று மனைவி குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் பக்கத்து வாங்கில் இருந்தபடியே சொன்னேன். தலைவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்ன?" என்றார். இன்னொரு தடவை, அதே அளவு மெதுவாகச் சொன்னேன். அவர் விளங்கியவர்போலத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த விசயத்தை வாசிக்கும்படி செயலாளருக்குக் கை காட்டினார்.