முன் சில்லுகளின் எடை

என் மகனுடைய மோட்டார் சைக்கிளின் எடை முந்நூற்று அறுபத்தைந்து கிலோ. என்னைப் போல் ஐந்து பேரை ஒன்றாக நிறுத்தாலும் அதற்குப் பத்துக் கிலோ குறையும். கல்கரியில் வேலை கிடைத்துப் போனபோது அதை ஸ்காபரோவில் என் வீட்டுக் கராஜில் விட்டுப் போனான். அடுத்த கோடைக்கு வந்து எடுப்பதாகச் சொன்னான். மூன்று கோடைகள் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பற்றறிக்குச் சார்ஜர் பூட்டினேன். மாதம் ஒருமுறை சில்லைக் கால்வட்டம் உருட்டி வைத்தேன், ரயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகாமல் இருக்க. அவன் போவதற்கு ஏழு மாதம் முன்புதான் என் மனைவி இறந்தாள். கராஜுக்குள் போவதற்கு எனக்கு ஒரு வேலை இருந்தது நல்லதாகவே பட்டது.

இந்த வசந்தத்தில் அவன் அழைத்தான். புது வீட்டில் கராஜ் இருக்கிறதாம்.

"அப்பா, அதை ஷிப் பண்ணி விடுங்கோ. வீட்டை வந்து ஏத்திக்கொண்டு போவாங்கள்."

"தேவையில்லை. நான் கொண்டு வாறன். எப்பிடியும் அந்தப் பக்கம் போகத்தான் இருக்கிறன்."

அந்தப் பக்கத்தில் அவனைத் தவிர எனக்கு ஒருவரும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். சரி என்றான்.

சும்மா போய் நிற்க எனக்குத் தெரியாது. ஒருமுறை விமானத்தில் போய் அவனுடன் ஒன்பது நாள் இருந்தேன். ஆறாவது நாள், எனக்கு எந்த நாளுக்கு ரிக்கெற் என்று கேட்டான். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக லீவு எடுப்பதற்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் அதன் பிறகு மிச்சம் மூன்று நாளும் நான் என் பெட்டியை அடுக்கியபடியே இருந்தேன். கையில் அவனுடைய பொருள் ஒன்று இருந்தால், வந்ததற்குக் காரணம் கேட்க மாட்டான் என்று நினைத்தேன்.

வீட்டு முற்றத்தில் எங்கள் மோட்டர்ஹோம் நின்றது. இருபத்தெட்டு அடி. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே. எட்டு வருடத்துக்கு முன் நானும் மனைவியும் பழையதாக வாங்கினோம். மிசிசாகாவில் விமான உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் இருபத்து மூன்று வருடம் பொருட்களை எண்ணிவிட்டு நான் ஓய்வு பெற்ற வருடம் அது. வாங்கிய கிழமையே, லொறிகளை நிறுக்கும் தராசில் அதை ஏற்றினேன். தராசுக்காரன் தந்த சீட்டை முன் கண்ணாடிக்கு மேலிருந்த பைக்குள் செருகி வைத்தேன். முன் அச்சு 1,780 கிலோ. பின் அச்சு 3,640. மொத்தம் 5,420.

அந்தச் சீட்டை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளும், வாகனத்தின் பின்னால் பூட்டி அதைத் தாங்கும் இரும்புத் தட்டும் சேர்த்து 440 கிலோ. 5,420 உடன் 440ஐக் கூட்டினால் 5,860. வாகனம் தாங்கக்கூடிய உச்சம் 6,500. மூன்று முறை கூட்டினேன். தாராளம்.

தட்டைப் பூட்டியவர் வோபர்னில் சிறு கராஜ் வைத்திருக்கும் ஒருவர். ஊரில் நான் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தேன் என்பதை எப்படியோ அறிந்து, முதல் நாளிலிருந்தே என்னை மாஸ்டர் என்றுதான் அழைத்தார்.

"கணக்கு உங்கடை மாஸ்டர், வெல்டிங் என்ரை. ரெண்டிலை ஒண்டு பிழைச்சாலும் சைக்கிள் ரோட்டிலை."

ஏற்றுவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. சைக்கிளைக் கட்டும் பட்டிகள் ஆறு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன், பிறகு இன்னொருமுறை. புறப்படும்போது சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நாலு வாங்கி வந்திருந்தார். பின்னால் இரட்டைச் சில்லு, ஆகவே மொத்தம் ஆறு என்று நான் சொன்னேன். சைக்கிளின் இரண்டையும் கணக்கில் எடுக்கவில்லையோ என்று கேட்டுச் சிரித்தார். அவை நிலத்தில் படாதே என்றேன். கடைசியில் வீட்டுக்குள் போய் இன்னும் இரண்டு எடுத்து வந்தேன். ஆறும் நசிந்தன.

நானூற்றோராம் நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடத்துக்குள் ஏதோ பிழை என்று தெரிந்தது. ஸ்ரியரிங் வட்டம் கையில் இருந்தது, ஆனால் அது ரோட்டைப் பிடிக்கவில்லை. சிறு மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் மெல்ல மிதந்தது. ஒரு கண்டெய்னர் லொறி கடந்தபோது மொத்த வாகனமும் பக்கத்துத் தடத்துக்குள் போக விரும்பியது. அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை இருந்த பிளாசாவில் நிறுத்திவிட்டுக் கராஜ்காரரை அழைத்தேன்.

"முன்னுக்குப் பாரம் காணாது மாஸ்டர். முன் சீற்றிலை ஏதேன் ஏத்துங்கோ."

ஒருவர் வீட்டில் தனியாக இருந்தால் அவரிடம் ஏற்றுவதற்கு என்ன இருக்கும்? கடைக்குள் போய் நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை மூன்று வாங்கி வந்தேன். கடைக்காரப் பிள்ளை, வீட்டிலே விசேஷமோ அங்கிள் என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். மூன்றையும் பக்கத்து இருக்கையில் அடுக்கினேன். வாகனத்தை இயக்கியதும் மணி அடிக்கத் தொடங்கியது. இருக்கையில் ஆள் இருக்கிறது, பட்டி போடவில்லை என்று அது நினைக்கிறது. அரிசிக்கு இடுப்புப் பட்டி போட்டேன். மணி நின்றது.

அப்படியும் பயம் போகவில்லை. மெல்ல ஓட்டிக்கொண்டு போய், மிசிசாகாவுக்கு மேற்கே, பழைய அதே தராசில் ஏற்றினேன். தராசுக்காரன் நரைத்த தாடிக்காரன், பஞ்சாபி. புதுச் சீட்டைத் தந்தான். மொத்தம் 5,856. என் கூட்டலில் நாலு கிலோதான் வித்தியாசம். ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் விரலால் மற்ற இரண்டு எண்களையும் காட்டினான். முன் அச்சு 1,495. பின் அச்சு 4,361, அது தாங்கக்கூடியது 4,300. பின் சில்லுகளுக்கும் அப்பால், வாலின் நுனியில் தொங்கும் பாரம் பின்பக்கத்தை அழுத்துவதோடு நிற்காது, முன்பக்கத்தைத் தூக்கியும் விடும். நெம்புகோல். பதினொரு வருடம் கரும்பலகையில் நான் கீறிய அதே படம். மொத்தத்தைக் கூட்டினேன், தூரத்தால் பெருக்க மறந்துபோனேன்.

நான் பழைய சீட்டை எடுத்து நீட்டினேன். அதில் முன்பக்கம் எவ்வளவு பாரமாக இருந்தது என்று அவனுக்கே காட்ட விரும்பினேன். அவன் பார்த்துவிட்டு, அன்றைக்கு முன் இருக்கையில் யார் இருந்தது என்று கேட்டான்.

அவள் இருந்தாள். இறங்கட்டோ என்று கேட்டாள், இரும் என்று சொன்னேன். ஐம்பத்தெட்டுக் கிலோ. என்ரை நிறையை அந்த மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று முழங்கையால் இடித்தாள். அவளையும் சேர்த்து நிறுத்த சீட்டைத்தான் மூன்று முறை கூட்டி, தாராளம் என்று நினைத்திருக்கிறேன். மூன்று மூட்டை அரிசி ஐம்பத்து நாலு கிலோ. அந்த நாலு கிலோ வித்தியாசம் அதுதான்.

மனைவி என்று அவனுக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். இதை இப்படியே கொண்டு மேற்கே போக வேண்டாம், ஆளை இருத்தினாலும் பின் அச்சின் பாரம் குறையாது என்று சொன்னான். வீட்டுக்குத் திரும்ப, பின்வீதிகளால், மூன்று மணித்தியாலம் எடுத்தது.

சைக்கிளை இறக்கவும் நாலு பேர் வேண்டியிருந்தது. அடுத்த கிழமை, மகன் சொன்ன மாதிரியே ஒரு லொறி வந்தது. ஏற்ற அவர்களுக்குப் பத்தொன்பது நிமிடம். சாவி கேட்டார்கள், கொடுத்தேன். கராஜில் நிலம் நிறைய வெறுமையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சார்ஜரைக் கையில் எடுத்துவிட்டு, திரும்ப ஆணியில் கொழுவினேன். அரிசியில் ஒரு மூட்டையை உடைத்தேன். ஒருவருக்கு ஒரு மூட்டை நாலு மாதம் வரும்.

எட்டாம் நாள் மகன் அழைத்தான்.

"வந்திட்டுது அப்பா. பட்டனை அமத்தினதும் ஸ்ரார்ட். பற்றறி மாத்தினனீங்களோ?"

இல்லை என்றேன்.

"ஒரு திறப்புத்தான் இருக்கு. ரெண்டு இருந்ததெல்லே?"

இரண்டாவது சாவி என் சட்டைப் பையில் இருந்தது. லொறி வந்த அன்றும் அங்கேதான் இருந்தது. மறந்து வைத்திருந்ததாகச் சொல்ல முடியாது.

"என்னட்டை இருக்கு."

"போஸ்டிலை போட்டுவிடுங்கோ."

"போடலாம்."

அவன் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஒன்பதுவரை எண்ணினேன்.

"எத்தினை நாள் எடுக்கும்?" என்று கேட்டான்.

"போஸ்டோ? நாலைஞ்சு நாள்."

"போஸ்ட் இல்லையப்பா. நீங்க வர."

மூவாயிரத்து நானூறு கிலோமீற்றர். என் வயதுக்கு ஒரு நாளைக்கு முந்நூறுக்கு மேல் ஓட்டக்கூடாது. பன்னிரண்டு நாள் என்று சொன்னேன். ஒரு நாளைக் கூட்டிப் பதின்மூன்று என்று திருத்தினேன். திரும்பிப் போக எந்த நாள் என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

சாவியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டுக் கிராம். மிச்சம் இரண்டு மூட்டை அரிசியையும் முன் இருக்கையிலிருந்து இன்னும் இறக்கவில்லை. பட்டி போட்டபடியே இருக்கிறது.